செய்தியில் ‘என்று’: ஒரு சொல்லைச் சரியாகக் கையாள முழுமையான வழிகாட்டி

இன்றைய நாளிதழின் முதல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘என்று’, ‘என’, ‘என்ற’, ‘என்பவர்’, ‘என்பது’, ‘என்றும்’ வருகிற இடங்களையெல்லாம் பேனாவால் வட்டமிட்டுப் பாருங்கள். வட்டம் விழாத பத்தியைத் தேட வேண்டியிருக்கும். எல்லாம் ‘என்’ என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இவை இல்லாமல் ஒருநாள் பதிப்பை முடிக்க முடியாது.

பல ஆண்டுகள் டெஸ்க்கில், அதாவது நாளிதழில் செய்திகளைத் திருத்தும் பிரிவில், உட்கார்ந்து மாவட்ட நிருபர்கள் எழுதி அனுப்பும் செய்திப் பிரதியை, அதாவது காப்பியைத் திருத்தியிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இந்தச் சொல்லைத்தான். ‘அதிகாரி லஞ்சம் வாங்கினார்’ என்று எழுதினால் அதைச் சொல்வது பத்திரிகை. ‘அதிகாரி லஞ்சம் வாங்கினார் என்று கடைக்காரர் புகார் அளித்துள்ளார்’ என்றால் சொல்வது கடைக்காரர். வாக்கியத்தின் பொறுப்பு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிற இடத்தில் ‘என்று’ நிற்கிறது. அதைக் கவனிக்காமல் எழுதுகிறவர் யாருடைய குற்றச்சாட்டையோ தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். அதைவிட மோசமாக, யாரும் சொல்லாததை ஊர் சொன்னதாக அச்சேற்றிவிடுகிறார்.

பழகிப் பார்க்க ஒரு காப்பி வேண்டும். கீழே இருப்பது நானே உருவாக்கியது, உண்மைச் சம்பவம் அல்ல. ஆனால் இப்படிப்பட்ட காப்பி எந்த டெஸ்க்குக்கும் தினமும் வரும்.

“பஸ் நிலையம் அருகே உள்ள ஜவுளிக்கடையில் நேற்று இரவு 11 மணிக்கு திடீரென தீப்பிடித்தது. தீ மளமளவென பரவியது. மின்கசிவு காரணமாக தீப்பிடித்தது என கூறப்படுகிறது. கடையில் வேலை பார்த்த இளைஞர் வேண்டுமென்றே தீ வைத்ததாகவும் கூறப்படுகிறது. ஊழியர்களுக்கு 2 மாதமாக சம்பளம் தரவில்லை என்ற உண்மை தெரியவந்துள்ளது. ரூ.40 லட்சம் மதிப்புள்ள துணிகள் எரிந்து நாசமாயின. ஆண்கள் 3, பெண்கள் 2 என மொத்தம் 6 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளனர். விபத்தா, சதியா என்ற கோணத்தில் போலீசார் விசாரித்து வருகின்றனர். இதே கடையில் கடந்த ஆண்டும் தீப்பிடித்தது என்பது குறிப்பிடத்தக்கது.”

இதை ஒவ்வொரு வரியாகப் பிரித்துத் திருத்துவோம்.

முதல் படி: இந்த ‘என்று’ எந்த வேலை செய்கிறது?

தொல்காப்பியம் ‘என’ என்ற இடைச்சொல்லுக்கு ஆறு வேலைகள் சொல்கிறது: வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர். ‘என்று’ என்பதற்கும் அவையே என்கிறது. நன்னூலும் அதே ஆறைத்தான் சொல்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த பட்டியல்தான். ஆனால் மேலே உள்ள தீ விபத்துக் காப்பியில் அதில் பெரும்பகுதி உயிரோடு இருக்கிறது. ‘தீப்பிடித்தது என கூறப்படுகிறது’ என்பது வினையோடு சேர்ந்தது. ‘திடீரென’, ‘மளமளவென’ ஆகியவை குறிப்பும் இசையும். ‘ஆண்கள் 3, பெண்கள் 2 என’ என்பது எண். ‘முருகன் என்பவர்’ என்று ஒரு பெயர் வந்திருந்தால் அது பெயர்.

இவற்றோடு உருவத்தில் மட்டும் ஒத்த இன்னொரு சொல்லும் உண்டு. அன்று, இன்று, என்று என்ற வரிசையில் வருகிற ‘என்று’ எந்த நாளில் என்று கேட்கும் வினாச்சொல். ‘தேர்வு முடிவு என்று வெளியாகும் என்று மாணவர்கள் காத்திருக்கின்றனர்’ என்ற வாக்கியத்தில் இரண்டும் அடுத்தடுத்து வந்து கண்ணைக் குழப்புகின்றன. முதலாவதை ‘எப்போது’ என்று மாற்றினால் போதும். தலைப்பில் மட்டும் ‘பள்ளிகள் திறப்பு என்று?’ என எழுதலாம், குழப்பம் வராது. ‘என்றும் இல்லாத அளவுக்கு வெயில்’ என்பதில் வருவதும் இந்த நாள் ‘என்று’தான்.

வேலையைப் பிரித்துவிட்டால், எந்த ‘என்று’வை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். கூற்றைச் சுமக்கும் ‘என்று’தான் ஆபத்தானது. அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அதற்கே.

இரண்டாம் படி: சொன்னது யார் என்று கேளுங்கள்

‘எனக் கூறப்படுகிறது’ என்ற தொடரைக் காப்பியில் எங்கே பார்த்தாலும் நிறுத்தி, “யாரால்?” என்று கேளுங்கள். இந்தச் செயப்பாட்டு வினையின் வசதியே சொன்னவரை மறைத்துவிடலாம் என்பதுதான். நிருபருக்குச் சொன்னவர் இன்ஸ்பெக்டராக இருக்கலாம், எதிர்க்கடை உரிமையாளராக இருக்கலாம், டீக்கடையில் யாரோ பேசியதைக் கேட்டதாகவும் இருக்கலாம். மூன்றும் அச்சில் ஒரே மாதிரி தெரியும். படிக்கிறவருக்கு எடைபோட வழியே இல்லை.

இந்தத் தொடர்களுக்குள்ளும் படிநிலை உண்டு. ‘என்று தீயணைப்பு நிலைய அலுவலர் கூறினார்’ என்பது மிக உறுதியானது. ஆள் இருக்கிறார், நாளை மறுத்தால் அவரிடம் கேட்கலாம். ‘என்று போலீஸ் வட்டாரங்கள் தெரிவித்தன’ என்பது அடுத்தது. ஆளைக் காட்டவில்லை, இடத்தைக் காட்டுகிறது. ‘எனத் தெரிகிறது’ என்றால் நிருபர் தானே ஊகித்தார் என்று பொருள். ஊகத்துக்கு ஆதாரம் பக்கத்து வரியிலேயே இருக்க வேண்டும். ‘எனக் கூறப்படுகிறது’ கடைசிப் படி. ‘என எதிர்பார்க்கப்படுகிறது’ என்பதைத் தனியே வையுங்கள். அது நடக்கப்போவதைப் பற்றியது. வானிலை, தேர்தல் அறிவிப்பு, பட்ஜெட் போன்றவற்றில் நியாயமாக வரும். அங்கேயும் எதிர்பார்ப்பவர் யார் என்று சொல்ல முடிந்தால் சொல்லிவிடுவது நல்லது.

பேச்சுத் தமிழில் ‘தீ வெச்சானாம்’ என்கிறோமே, அந்த ‘ஆம்’தான் ‘கூறப்படுகிறது’வின் வீட்டு வடிவம். காதால் கேட்டேன், கண்ணால் பார்க்கவில்லை என்பதை இரண்டே எழுத்தில் சொல்லிவிடும் அழகான விகுதி. நாளிதழ்கள் அதை சினிமா கிசுகிசுப் பத்திக்கு ஒதுக்கிவிட்டன. அதை வைத்து நான் ஒரு சோதனை சொல்லிக்கொடுப்பேன்: ‘எனக் கூறப்படுகிறது’ வருகிற வரியை ‘ஆம்’ போட்டுப் படித்துப் பாருங்கள். ‘இளைஞர் வேண்டுமென்றே தீ வைத்தாராம்.’ இப்போது அது உங்களுக்கே வதந்தியாகக் கேட்டால், வாசகருக்கும் அது வதந்திதான். அந்த வரி செய்தியில் இருக்கக் கூடாது.

‘கூறப்படுகிறது’ என்று போட்டுவிட்டால் சட்டச் சிக்கல் வராது என்ற நம்பிக்கை பல நிருபர்களிடம் இருக்கிறது. அது தவறு. அவதூறு என்பது ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கும் குற்றச்சாட்டைச் சொல்வது மட்டுமல்ல, வெளியிடுவதும்தான். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, இப்போது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 356. இன்னொருவர் சொன்னதைத்தான் அச்சிட்டோம் என்பது மட்டும் தப்பிக்கும் வழி ஆகாது. நீதிமன்ற நடவடிக்கைகளை உள்ளபடி வெளியிடுவதற்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. நாடாளுமன்ற, சட்டமன்ற நடவடிக்கைகளைப் பெருமளவு உண்மையாக வெளியிடுவதற்கு அரசியலமைப்பின் 361ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆகவே ‘என்று நீதிமன்ற மனுவில் கூறப்பட்டுள்ளது’, ‘என்று சட்டப்பேரவையில் உறுப்பினர் பேசினார்’ என இடத்தைச் சொல்லி எழுதுகிற ‘என்று’வுக்கு உண்மையான பலம் இருக்கிறது. அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட பேச்சுக்கு அந்தப் பலம் கிடையாது.

போலீஸ் செய்திகளில் இன்னொரு பொறி இருக்கிறது. ‘விசாரணையில் அவர்தான் கொலை செய்தார் என்பது தெரியவந்தது.’ யாருடைய விசாரணை? போலீசாருடையது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு அது, புதிய பாரதிய சாக்ஷ்ய அதினியமில் 23. நீதிமன்றமே ஏற்காததை நாம் ‘தெரியவந்தது’ என்று முடித்து எழுதலாமா? ‘அவர் ஒப்புக்கொண்டதாகப் போலீசார் கூறினர்’ என்று எழுதுங்கள். கூடுதலாகச் செலவாவது இரண்டே சொற்கள். பின்னாளில் அந்த மனிதர் விடுதலையானால், அவர் பிள்ளைகள் பழைய பேப்பரை எடுத்துப் படிக்கும்போது அந்த இரண்டு சொற்களின் அருமை தெரியும்.

மூன்றாம் படி: நீளமான கூற்றில் ‘என்று’வை முன்னே கொண்டுவாருங்கள்

தமிழில் வினை கடைசியில் வரும். ‘கூறினார்’ வரும்வரை வாசகர் காத்திருக்க வேண்டும். ஐந்து வரி நீளமான கூற்றை எழுதிவிட்டு ஆறாவது வரியில் ‘என்று அமைச்சர் கூறினார்’ என்றால், அதுவரை படித்ததெல்லாம் பத்திரிகையின் கருத்து என்றே வாசகர் நினைத்திருப்பார். ஆங்கிலத்தில் வரும் ஏஜென்சி செய்தியை மொழிபெயர்க்கும்போது இந்தப் பிழை அதிகம். மூலத்தில் வாக்கியத்தின் தலையில் இருந்த ஆள், தமிழில் வாலுக்குப் போய்விடுகிறார்.

இதற்கு நம் நாளிதழ்கள் அருமையான ஒரு வழி வைத்திருக்கின்றன. ‘இதுகுறித்து அமைச்சர் கூறியதாவது:’ என்று தொடங்கி, அவர் பேச்சைத் தனி வாக்கியங்களாக எழுதி, ‘இவ்வாறு அவர் கூறினார்’ என்று மூடிவிடுவது. அறிக்கை என்றால் ‘கூறியிருப்பதாவது’. இரண்டு கரைகளுக்கு நடுவில் ‘என்று’ ஒன்றுகூடத் தேவையில்லை. பழைய பாணி என்று இளைஞர்கள் சிலர் இதை ஒதுக்குகிறார்கள். எனக்கு இது தமிழ் இதழியல் கண்டுபிடித்த மிகப் பயனுள்ள கருவிகளில் ஒன்றாகவே தோன்றுகிறது. திறந்த கதவை மூட மறக்காதீர்கள், அவ்வளவுதான். ‘இவ்வாறு அவர் கூறினார்’ விடுபட்டால், அதற்குப் பின் நிருபர் சேர்த்த பின்னணித் தகவலும் அமைச்சர் வாயில் போய்ச் சேர்ந்துவிடும்.

வானொலிக்கும் டிவிக்கும் எழுதுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கேட்பவருக்கு மேற்கோள் குறி தெரியாது. ‘முதல்வர் சொன்னது இது’ என்பது காதில் முதலில் விழ வேண்டும்.

ஒரே நபர் இரண்டு விஷயங்களைச் சொன்னால் ‘என்றும்… என்றும்’ என இரட்டையாகக் கட்டுங்கள்: ‘வரி குறைக்கப்படும் என்றும், நிலுவை தள்ளுபடி செய்யப்படும் என்றும் அவர் கூறினார்.’ நான்கு ‘என்றும்’ வந்தால் வாக்கியத்தை உடைத்துவிடுங்கள்.

நான்காம் படி: நானா, தானா, அவரா?

‘அவர் போட்டியிட மாட்டார் என்று தலைவர் கூறினார்.’ போட்டியிடாதவர் தலைவரா, வேறொருவரா? இந்த வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தலைவர் தன்னைப் பற்றிச் சொல்லியிருந்தால் ‘தான் போட்டியிடப் போவதில்லை என்று தலைவர் கூறினார்’. வேறொருவரைப் பற்றியென்றால் அவர் பெயரை எழுதிவிடுங்கள். ‘தான்’, ‘தன்’, ‘தாங்கள்’ ஆகியவை சொன்னவரையே திரும்பிச் சுட்டுவதற்கென்று மொழி வைத்திருக்கும் சொற்கள். பயன்படுத்தத் தயங்காதீர்கள்.

மேற்கோள் குறி போட்டால் உள்ளே ‘நான்’தான். அவர் சொன்ன சொற்களைத்தான் போட வேண்டும். பேச்சின் கொச்சையை நீக்கி ‘நிக்க மாட்டேன்’ என்றதை ‘நிற்க மாட்டேன்’ என்று எழுதுவது காலங்காலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசியதை நீங்கள் மொழிபெயர்த்தீர்கள் என்றால், மேற்கோள் குறி வேண்டாம் என்பதே என் பழக்கம். அந்தத் தமிழ்ச் சொற்கள் உங்களுடையவை.

‘ஆக’ என்ற இன்னொரு வழியும் உண்டு. ‘தீ வைத்தார் என்று கூறினார்’ என்பதும், ‘தீ வைத்ததாகக் கூறினார்’ என்பதும் ஒன்றேபோல் இருக்கும். ஆனால் முன்னதில் ‘தீ வைத்தார்’ என்ற முழு வாக்கியம் ஒரு நொடி உண்மைபோல நின்றுவிட்டுப் போகிறது. பின்னதில் ‘வைத்ததாக’ என்றவுடனேயே இது யாரோ சொன்னது என்று தெரிந்துவிடுகிறது. ஒருவர் மீது குற்றம் சுமத்தும் வரிகளில் ‘ஆக’ போடுவதையே நான் விரும்புவேன்.

ஐந்தாம் படி: பின்னால் வரும் வினையை எடைபோடுங்கள்

‘என்று’ நடுநிலையான சொல். அதை அடுத்து வரும் வினை அப்படி இருக்காது. ‘கூறினார்’, ‘தெரிவித்தார்’, ‘சொன்னார்’ மூன்றும் பக்கம் சாயாதவை. ‘சுட்டிக்காட்டினார்’ என்றால் அவர் காட்டியது உண்மையில் அங்கே இருக்கிறது என்று நாமே சான்று கொடுக்கிறோம். ‘விளக்கினார்’ என்பதும் அப்படியே. ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் தவறு அவருடையது என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். ‘அம்பலப்படுத்தினார்’, ‘தோலுரித்தார்’ ஆகியவற்றைச் செய்திப் பக்கத்தில் சேர்க்கவே வேண்டாம். ‘எச்சரித்தார்’ எச்சரிக்கைக்கும், ‘உறுதியளித்தார்’ வாக்குறுதிக்கும் மட்டும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று அலங்காரத்துக்காக வினையை மாற்றுவது செய்திக்கு ஆகாது. ‘கூறினார்’ பத்து முறை வந்தாலும் வாசகர் கண்ணை உறுத்தாது.

‘மறுத்தார்’ மட்டும் தனிச் சிக்கல். ‘லஞ்சம் வாங்கவில்லை என்று மறுத்தார்’ என்பது வழக்கத்தில் புரிந்துவிடும். ஆனால் எதை மறுத்தார் என்று கறாராகக் கேட்டால், வாங்கவில்லை என்பதை மறுத்தார் என்றும் ஆகும். ‘லஞ்சம் வாங்கியதாகக் கூறப்படும் புகாரை மறுத்தார்’ என்று எழுதினால் இரண்டு பொருளுக்கு இடமில்லை.

காரணம் சொல்லும் இடங்களையும் இங்கே பாருங்கள். ‘குடிநீர் வராததால் மறியல்’ என்றால் குடிநீர் வரவில்லை என்பதை நாம் உறுதி செய்கிறோம். ‘குடிநீர் வரவில்லை எனக் கூறி மறியல்’ என்றால் அது மறியல் செய்தவர்களின் கூற்று. நிருபர் தெருவுக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்திருந்தால் முதல் வாக்கியத்தைத் தைரியமாக எழுதட்டும். அந்த மக்களுக்கும் அதுதான் நியாயம். பார்க்கவில்லை என்றால் இரண்டாவது.

ஆறாம் படி: ‘என்ற’ என்பதை அடுத்த பெயர்ச்சொல்

‘ஊழல் நடந்தது என்ற உண்மை’, ‘ஊழல் நடந்தது என்ற தகவல்’, ‘ஊழல் நடந்தது என்ற குற்றச்சாட்டு’, ‘ஊழல் நடந்தது என்ற வதந்தி’. ‘என்ற’ வரை நான்கும் ஒன்றுதான். கடைசிச் சொல்தான் தீர்ப்புச் சொல்கிறது. நம் காப்பியில் நிருபர் ‘சம்பளம் தரவில்லை என்ற உண்மை’ என்று எழுதியிருக்கிறார். சம்பளப் பதிவேட்டைப் பார்த்தாரா? ஊழியர்கள் இருவர் சொன்னார்கள். அப்படியானால் அது ‘புகார்’. உரிமையாளரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

‘விபத்தா, சதியா என்ற கோணத்தில்’ என்பதும் இந்த வகைதான். சதி என்று போலீசார் சொன்னார்களா? சொல்லவில்லை என்றால், கேள்வி வடிவில் நாமே ஒரு சந்தேகத்தை விதைக்கிறோம். ‘போலீசார் விசாரித்து வருகின்றனர்’ என்பதே போதும்.

ஏழாம் படி: ‘என்பவர்’

ஊருக்கு அறிமுகமில்லாதவரை முதல்முறை குறிப்பிடும்போது மட்டும் ‘முருகன் (45) என்பவர்’. இரண்டாம் முறை ‘முருகன்’ அல்லது ‘அவர்’. எல்லோருக்கும் தெரிந்தவருக்கு ‘என்பவர்’ போட்டால் அவமதிப்பாகிவிடும். கைதானவரை ‘என்பவன்’ என்று எழுதும் பழக்கம் இன்னும் சில இடங்களில் தொடர்கிறது. அதை விட்டுவிட வேண்டும். கைது செய்யப்பட்டதால் ஒருவர் மரியாதை விகுதியை இழப்பதில்லை.

‘என்பவர்’ வரவே கூடாத இடங்கள் உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு தடுக்கிறது. சட்டத்துடன் முரண்பட்ட (குற்றம் செய்ததாகக் கூறப்படும்) சிறாரையும் பாதுகாப்பு தேவைப்படும் சிறாரையும் 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74-வது பிரிவு காக்கிறது. பெயரை நீக்கிவிட்டு, ஊரையும் பள்ளியையும் வகுப்பையும் அப்பாவின் தொழிலையும் எழுதினால் பெயரை எழுதியதற்குச் சமம். அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு அது போதும். அந்தக் குழந்தை வாழ வேண்டியதும் அந்தத் தெருவில்தான். டெஸ்க்கில் இருப்பவர் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது.

எட்டாம் படி: ‘வேண்டுமென்றே’வும் ‘திடீரென’வும்

‘வேண்டும் என்று கேட்டார்’ என்பது விருப்பம். சேர்த்து எழுதிய ‘வேண்டுமென்றே மோதினார்’ என்பது உள்நோக்கம். ஒரு சாவு கவனக்குறைவா கொலையா என்பதைச் சட்டம் முடிவு செய்வது பெரிதும் இந்த உள்நோக்கத்தை வைத்துத்தான். எனவே ‘வேண்டுமென்றே’ என்ற ஒற்றைச் சொல்லே தனியாக ஒரு குற்றச்சாட்டு. எஃப்ஐஆரிலோ புகாரிலோ இருந்தால் அதைச் சுட்டி எழுதுங்கள். நிருபரின் சொல்லாக ஒருபோதும் வேண்டாம்.

‘திடீரென’ ஆபத்தில்லாதது, ஆனால் பெரும்பாலும் தேவையில்லாதது. தீ திடீரெனத்தான் பிடிக்கும். ‘மளமளவென’ பரவாத தீயும் செய்திகளில் அரிது. எத்தனை நிமிடத்தில் எத்தனை கடைக்குப் பரவியது என்று எழுத முடிந்தால், அந்த ஒலிக்குறிப்பு தானாக விழுந்துவிடும்.

ஒன்பதாம் படி: எண்ணும் ‘என’

‘ஆண்கள் 3, பெண்கள் 2 என மொத்தம் 6 பேர்.’ கூட்டிப் பாருங்கள். ‘என மொத்தம்’ வந்தாலே பேனாவை எடுத்துக் கூட்டுவது டெஸ்க் பழக்கமாக வேண்டும். இரவுப் பதிப்பில் பலி எண்ணிக்கை மாறும்போது மொத்தத்தைத் திருத்திவிட்டுப் பிரிவுகளை விட்டுவிடுவதால் வரும் பிழை இது. காப்பியைப் பார்த்து ஊகிக்காமல், மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேட்டுத் திருத்துங்கள்.

பத்தாம் படி: தலைப்பில் ‘என்று’ எங்கே போகிறது?

தலைப்பில் இடமில்லை. ‘என்று’வை எடுத்துவிட்டு முக்காற்புள்ளியோ சிறுகோடோ போடுகிறோம். ‘பஸ் கட்டணம் உயராது: அமைச்சர்’, ‘பஸ் கட்டணம் உயராது - அமைச்சர் உறுதி’. இரண்டும் சரி. ‘பஸ் கட்டணம் உயராது’ என்று மட்டும் போட்டால் உறுதியளிப்பது பத்திரிகை; நாளை உயர்ந்தால் பதில் சொல்ல வேண்டியதும் பத்திரிகைதான். செல்போனில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பகிர்கிறவர்கள் நிறைந்த காலம் இது. உள்ளே எத்தனை ‘என்று’ கவனமாக எழுதியிருந்தாலும், தலைப்பில் சொன்னவர் இல்லையென்றால் அது அவர்களைச் சென்றடையாது.

கேள்விக்குறி ‘என்று’வுக்கு மாற்று ஆகாது. ‘ஊழியரே தீ வைத்தாரா?’ என்ற தலைப்பைப் பார்க்கிறவர் மனதில் பதிவது ‘ஊழியர் தீ வைத்தார்’ என்பதுதான்.

ஒற்று பற்றி ஒரு வார்த்தை

‘என’ என்பதை அடுத்து க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: எனக் கூறினார், எனச் சொன்னார், எனத் தெரிவித்தார், எனப் பேசினார். திடீரெனத் தீப்பிடித்தது, மளமளவெனப் பரவியது. ‘என்று’, ‘என்ற’, ‘என்னும்’ ஆகியவற்றுக்குப் பின் மிகாது: என்று கூறினார், என்ற தகவல். ‘ஆக’ வந்தால் மிகும்: வந்ததாகக் கூறினார். ஒற்று விஷயத்தில் சந்தேகம் வரும்போதெல்லாம் ‘என’வை ‘என்று’ ஆக்கிவிடுங்கள், சிக்கல் தீர்ந்தது.

கடைசிப் படி: ‘என்பது குறிப்பிடத்தக்கது’

தமிழ்ச் செய்தியின் வால். தமிழகம், இலங்கை இரண்டிலும் இந்த வழக்கம் உண்டு. பின்னணித் தகவலைக் கடைசியில் சேர்த்துவிட்டு, அதற்கு ஒரு காரணம் காட்ட இதைப் போடுகிறோம். உண்மையிலேயே குறிப்பிடத்தக்கது என்றால் அதற்கு இடம் கடைசி வரி அல்ல. பக்க வடிவமைப்பில் கீழிருந்துதான் வெட்டுவார்கள், முதலில் போவது அதுதான். கடந்த ஆண்டும் இதே கடையில் தீப்பிடித்தது என்பது நம் செய்தியின் முக்கியமான தகவல்களில் ஒன்று. அதை மேலே ஏற்றுங்கள். ஏற்ற முடியாத அளவுக்குச் சிறியது என்றால் விட்டுவிடுங்கள்.

இப்போது நம் காப்பிக்குத் திரும்புவோம். நிருபருக்கு நான்கு போன் போட்டாயிற்று. இளைஞர் தீ வைத்ததாகச் சொன்னது யார் என்று கேட்டதற்கு, “கடைவீதியில் பேசிக்கொண்டார்கள்” என்று பதில் வந்தது. போலீஸ் புகாரிலும் அவர் பெயர் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டு மற்றதை எழுதினால்:

“பஸ் நிலையம் அருகே உள்ள ஜவுளிக்கடையில் நேற்று இரவு 11 மணிக்குத் தீப்பிடித்தது. இதில் காயமடைந்த 3 ஆண்கள், 2 பெண்கள் என 5 பேர் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளனர். இதே கடையில் கடந்த ஆண்டும் தீப்பிடித்தது.

தீ எப்படிப் பற்றியது என்பது இன்னும் தெரியவில்லை. மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று தீயணைப்பு நிலைய அலுவலர் கூறினார். ரூ.40 லட்சம் மதிப்புள்ள துணிகள் எரிந்துவிட்டதாகக் கடை உரிமையாளர் போலீசில் புகார் அளித்துள்ளார்.

தங்களுக்கு 2 மாதமாகச் சம்பளம் தரவில்லை என்று ஊழியர்கள் இருவர் நம் நிருபரிடம் கூறினர். இதை உரிமையாளர் மறுத்தார். கடந்த மாதச் சம்பளம் மட்டுமே பாக்கி இருப்பதாக அவர் கூறினார். போலீசார் விசாரித்து வருகின்றனர்.”